திருஷ்டிச் செடியில் ஒரு மடல்

பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்று, கடை வாசலில் தொங்கிய கற்றாழைச் செடியிலிருந்து ஒரு மடலை அறுத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது துணி வெட்டும் கத்தரிக்கோல். கீழே என் மகள் அமலா, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி காவல் நின்றாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"அப்பா, செல்வி ஆன்ட்டி வந்துட்டா என்ன பண்றது?"

"வரமாட்டாங்க. சாப்பாடு வாங்கப் போயிருக்காங்க. ஞாயித்துக்கிழமை கியூ நீளமா இருக்கும்."

"இது அவங்க ப்ளான்ட்தானே? கேட்டுட்டு வெட்டலாம்ல?"

"ஒரு மடல்தானேமா. மறுபடி வளரும்."

"மண்ணே இல்லாம எப்படி வளரும்?"

செடி தலைகீழாகச் சிவப்புக் கயிற்றில் தொங்கியது. வேர் மேலே, மடல்கள் கீழே. பக்கத்தில் ஒரு படிகாரக் கட்டி, காய்ந்துபோன எலுமிச்சம்பழம். சிங்கப்பூரில் எங்கள் தேக்கா வட்டாரத்தில் பல கடைகளின் வாசலில் இப்படி ஒன்று தொங்கும். வருகிறவர் போகிறவர் கண்ணெல்லாம் அதில் படட்டும், வியாபாரத்தில் படவேண்டாம் என்பதற்காக. தண்ணீர்கூட ஊற்றமாட்டார்கள். அப்படியும் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும்.

மடல் அறுந்து கையோடு வந்தது. வெட்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ கசிந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கினேன். மணி இரண்டரை. ஐந்து மணிக்குள் அமலாவின் கழுத்து எரிச்சல் அடங்கியாக வேண்டும்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு

போன இதழில் மொட்டைமாடிகளில் தார் பூசிய நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த ஒருவர், இத்தனை இடம் மாறிய ஆளுக்குக் குடும்பம் என்று ஒன்று இருந்ததா என்று கேட்டிருக்கிறார். இருந்தது. எட்டு வருடம் இருந்தது.

என் மனைவி ஸ்டெல்லா, மாதா கோயிலுக்குத் தவறாமல் போகும் வீட்டுப் பெண். நான் சாமி கும்பிட்டும் கும்பிடாமலும் திரிந்தவன். நாங்கள் பிரிந்ததற்கு அது காரணமில்லை. என்னால் ஒரு வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் நிற்க முடியாது. அதையாவது அவள் பொறுத்துக்கொண்டாள். வேலையை விட்டதை நான் சொல்லமாட்டேன் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

காலையில் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவேன். பேருந்தில் ஏறி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவேன். மதியம் ஏதாவது ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்து சாப்பிடுவேன். மறுபடி பேருந்து. மாலையில் வீடு. 'இன்னிக்கு சைட்ல லிஃப்ட் ரிப்பேர், மாடி ஏறி ஏறிக் கால் வலி' என்பேன். இப்படி ஏழு வாரம் ஓட்டினேன். ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பல் டாக்டரைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா அதே பேருந்தில் ஏறினாள். என்னைப் பார்த்தாள். முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நாங்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. அவளும் பிள்ளையும் செங்காங் வீட்டில் இருந்தார்கள். நான் வெளியேறினேன். இரண்டு வருடம் கழித்து, நான் ஒரே வேலையில் ஒரு வருடம் தாக்குப்பிடித்ததாகக் கேள்விப்பட்டு, ஸ்டெல்லாவே அழைத்தாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. ஆறு மணிக்கு அவர்கள் பூசைக்குப் போகவேண்டும்.

அது ஸ்டெல்லாவாகக் கொடுத்த ஞாயிறு. அவள் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். நாற்காலியின் மேல் நின்றபோது என் பயம் இது ஒன்றுதான்: இந்தக் கழுத்தோடு பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் அடுத்த ஞாயிறு எனக்குக் கிடைக்குமா?

இதை எழுதலாமா என்று அமலாவிடம் கேட்டேன். இப்போது அவள் பெர்த்தில் படிக்கிறாள். கைபேசியில்தான் பேசிக்கொள்கிறோம். "எழுதுங்கப்பா. ஆனா செல்வி ஆன்ட்டி பேரை மாத்திடுங்க, இல்லன்னா உங்களைச் சும்மா விடமாட்டாங்க" என்றாள். எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டேன்.

கூடாரம் இருந்த இடம்

அன்று காலை எங்கே போகலாம் என்று கேட்டபோது அமலா சொன்னாள்: "அம்மா சொன்னாங்க, நீங்க பீச்ல இருந்தீங்கன்னு. கேம்ப்பிங் மாதிரியா?"

"கேம்ப்பிங் மாதிரிதான். மூணு மாசம்."

"அந்த இடத்தைப் பார்க்கணும்."

ஆகவே சாங்கி கடற்கரைக்குப் போனோம். வீட்டை விட்டு வந்த புதிதில் அங்கேதான் இருந்தேன். பச்சைக் கூடாரம், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு பை. காலையில் பொதுக் கழிப்பறையில் குளித்துவிட்டு வேலைக்குப் போவேன். கூடாரத்தைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோய்விடவேண்டும். விட்டுப்போனால் எடுத்துவிடுவார்கள். அதில் பெரிய துன்பம் எதுவும் இல்லை. எறும்புதான் தொல்லை.

"மழை பெஞ்சா?"

"நனைவேன்."

"அப்புறம்?"

"காயும்."

அவள் சிரித்தாள். நான் கூடாரம் கட்டிய மரத்தைக் காட்டினேன். அதில் கைவைத்துப் பார்த்தாள். ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. சில மலாய்க் குடும்பங்கள் வாளியோடு இறங்கி ஈரமணலில் சிப்பி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் தோண்ட ஆசை. பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தாள். "அம்மா இதைப் போட்டுக்கச் சொன்னாங்க. சன்பிளாக்."

"நம்ம தோலுக்கு இதெல்லாம் எதுக்குமா? வெள்ளைக்காரங்க போடுறது. உங்கப்பன் இருபது வருஷமா வெயில்ல நிக்கிறான், என்ன ஆச்சு?"

அவள் டியூபைத் திருப்பி வைத்துவிட்டாள்.

நான் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினேன். எங்கள் வேலையிடத்தில் எல்லோரும் நம்பினோம். வெயில் கறுக்க வைக்கும், சுடாது என்று. என் தோல் தார்ச்சட்டிப் பக்கத்திலேயே கிடந்து தடித்தது, அவள் தோல் வகுப்பறையிலும் பேருந்திலும் வளர்ந்தது என்பது எனக்குத் தோன்றவில்லை.

முடியை உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தாள். கழுத்து அகலமான டி-ஷர்ட். இரண்டரை மணி நேரம் குனிந்தே தோண்டினோம். பதினேழு சிப்பி கிடைத்தது. பாவமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் திரும்பக் கடலில் விட்டாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் சாய்ந்து உட்கார்ந்தவள் உடனே நிமிர்ந்தாள்.

"என்னமா?"

"ஒண்ணுமில்லப்பா. சீட் சூடா இருக்கு."

குளிர்சாதனப் பேருந்து. நான் கையை வைத்துப் பார்த்தேன். இருக்கை ஜில்லென்று இருந்தது. அவள் கழுத்துதான் இட்லிப் பானை மூடி மாதிரி கொதித்தது. முதுகின் மேல்பகுதியெல்லாம் கருஞ்சிவப்பாகி, தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளத்தது.

மாணிக்கத்தின் டப்பா

தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில் நாங்கள் வேலை செய்தபோது, மாணிக்கம் என்று ஒருவன் எங்களோடு இருந்தான். என் வயதுதான். பழைய வெண்ணெய் டப்பாவில் கற்றாழைச் சோற்றை வழித்துக் கொண்டுவருவான். பத்து மணி டீயின்போது வரிசையாக எல்லோர் பின்கழுத்திலும் ஒரு விரல் இழுப்பான். கப்பலுக்குச் சாயம் அடிப்பதுபோல் இருக்கும். பூசியதும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும்.

"எங்கடா வாங்குற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாங்குறதா? வீட்ல செய்றதுடா. செடியை வெட்டி வழிக்க வேண்டியதுதான்."

அவ்வளவுதான் சொன்னான். வெட்டுவதற்கும் வழிப்பதற்கும் நடுவே என்ன செய்தான் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாதியைப் பார்த்துவிட்டு முழுதும் தெரிந்துவிட்டதாக எழுந்துபோவது என் வழக்கம். உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான்.

ஆக, பேருந்தில் அமலாவின் கழுத்தைத் தொட்டதுமே எனக்கு மாணிக்கத்தின் டப்பா ஞாபகம் வந்தது. தேக்காவில் அப்போது நான் ஒரு கடைவீட்டு மாடியில் ஒரு படுக்கையை வாடகைக்கு எடுத்திருந்தேன். கீழே செல்வி அக்காவின் தையல் கடை. அக்கா எங்களைப் பார்த்ததும், "நல்ல நேரத்துக்கு வந்தீங்க, கடையைப் பாத்துக்குங்க, மூணு பேருக்கும் சாப்பாடு வாங்கிட்டு வந்துடுறேன்" என்று கிளம்பிவிட்டார்.

தெருவில் இறங்கி நடந்தால் காய்கறிக் கடையில் மடல் மடலாகக் கற்றாழை விற்கும். பெரிய கடைகளில் பச்சை டப்பாவில் அடைத்தே வைத்திருக்கிறார்கள். எதற்கும் பத்து நிமிடம்தான் ஆகும். ஆனால் செடி தலைக்கு மேலேயே இருந்தது. அதோடு, கையால் ஏதாவது செய்து அவளுக்குக் கொடுக்கவேண்டும் என்று இருந்தது. பதினான்கு நாளுக்கு ஒருமுறை பார்க்கிற பிள்ளைக்கு நான் செய்ததெல்லாம் உணவுக்கடையில் வாங்கிக் கொடுத்ததுதான்.

மடலை நீளவாக்கில் பிளந்து, கரண்டியால் சோற்றை வழித்து, அக்காவின் டீ மக்கில் போட்டுக் குழைத்தேன். அமலா நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தாள். பூசினேன்.

"ஓ, கூலா இருக்குப்பா."

"இருக்கும்."

"எப்படித் தெரியும் உங்களுக்கு இதெல்லாம்?"

"தெரியும்."

அவளுக்கு ஐந்து வயதில் தலை துவட்டிவிட்டதற்குப் பிறகு அன்றுதான் அந்தக் கழுத்தைத் தொட்டேன். ஒரு மச்சம் இருந்தது, மறந்துபோயிருந்தேன். பூசி முடித்த பிறகும் இன்னும் கொஞ்சம் குழைத்து, பூசிய இடத்திலேயே மறுபடி பூசினேன்.

அக்கா திரும்பி வந்தார்

சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்த செல்வி அக்கா முதலில் பார்த்தது மேசைமேல் இருந்த கத்தரிக்கோலை.

"ராசு, இதால என்னத்த வெட்டுன?"

நான் மடலைக் காட்டினேன். அக்கா வாசலுக்குப் போய் மேலே பார்த்தார். திரும்பி வந்தார்.

"துணி வெட்டுற கத்திரியில நான் காகிதம்கூட வெட்டமாட்டேன். அது இருக்கட்டும். உனக்குப் புத்தி எதாவது இருக்கா? இத்தனை மாசமா இந்தக் கடையைப் பாத்து வயிறு எரிஞ்சவன் கண்ணெல்லாம் அந்தச் செடியில இருக்கு. அதைப் போய்ப் புள்ள கழுத்துல அப்பி வச்சிருக்க."

"செடிதானேக்கா."

"செடியா? எதிர்க்கடைக்காரன் கண்ணு ஒண்ணு போதும்."

அமலா குனிந்தபடியே கேட்டாள். "அப்போ அந்த அங்கிள் கண்ணு இப்போ என் நெக்ல இருக்கா, ஆன்ட்டி?"

"சிரி, சிரி. உங்கப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு."

மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். பாதிச் சோற்றில் அமலாவின் கை நின்றது.

"அப்பா, அரிக்குது."

பூசிய இடமெல்லாம் தடித்திருந்தது. கொசு கடித்ததுபோலத் தொடங்கி ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுத் திட்டாக வீங்கிக்கொண்டே போனது. இரண்டு முறை பூசிய இடத்தில் அதிகம். அவள் சொரியப் போனாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கை கழுவிவிட்டு வந்தார். ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தார். பிறகு ஒரு பிடி உப்பை அவள் தலையை மூன்று முறை சுற்றித் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்.

"கூட்டிட்டுப் போ. அவங்கம்மாகிட்ட விடு" என்றார்.

ஐந்து மணி

ரயிலில் அமலா சாயாமல் உட்கார்ந்து வந்தாள். ஃபேரர் பார்க் நிலையம் தாண்டியதும் அவளே சொன்னாள்:

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, ஓகே?"

"என்ன பேசுவ?"

"நான் பாத்துக்கிறேன் லா."

எனக்காக ஒரு பொய் தயாராகிறது என்று புரிந்தது. செங்காங் வரும்வரை அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை. ஞாயிறு தப்பித்துவிடும் என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். பூசைக்குப் புடவை கட்டியிருந்தாள். இரும்புக் கிரில் கேட்டைத் திறந்து பிள்ளையை உள்ளே விட்டாள். நான் வழக்கம்போல் நடைபாதையில் நின்றேன். அமலா திரும்பியதும் ஸ்டெல்லா கழுத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன இது?"

"சன்பர்ன்மா. லைட்டாதான்."

"க்ரீம் போட்டியா?"

"போட்டேன்மா. தண்ணில போயிடுச்சு."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பழக்கமானது. முகத்தைத் திருப்பாமல், குரலை உயர்த்தாமல், ஒரு சின்ன விவரத்தையும் சேர்த்து. தண்ணில போயிடுச்சு. லிஃப்ட் ரிப்பேர், மாடி ஏறி ஏறிக் கால் வலி. நான் பேருந்தில் சுற்றிய நாட்களில் அவளுக்கு ஐந்து வயது. நான் மாலையில் சொன்ன கதைகளையெல்லாம் அவளும் அந்த வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

"போடலை" என்றேன். "அவ எடுத்தா. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"அப்பா" என்றாள் அமலா, மெதுவாக.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பேருந்தில் பார்த்தது போலவும் இல்லை.

"தடிச்சிருக்கே, அது?"

"கற்றாழை பூசினேன்."

"பாலை வடிய விட்டீங்களா?"

"எந்தப் பால்?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு வெளியே வந்து, நடைபாதையில் இருந்த கற்றாழைத் தொட்டியிலிருந்து ஒரு மடலை அடியோடு வெட்டினாள். வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கண்ணாடித் தம்ளரில் நிறுத்தி வைத்தாள். பிள்ளையைக் கழுத்தில் குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கழுவி வரச் சொன்னாள். கால் மணி நேரத்தில் தம்ளரின் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் பால் சேர்ந்திருந்தது. அதைத்தான் நான் என் பிள்ளை கழுத்தில் இரண்டு முறை பூசியிருந்தேன்.

"பூசைக்கு நேரமாகலையா?" என்றேன்.

"ஆண்டவருக்குத் தெரியும்."

வரவேற்பறைத் தரையில் பழைய தாளை விரித்து உட்கார்ந்தாள். நான் கிரில் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரத்து முட்களைச் சீவினாள். தோலைத் தடிமனாகவே சீவினாள், அதை ஒட்டித்தான் பால் இருக்குமாம். சோற்றை மட்டும் துண்டு துண்டாக எடுத்து, தண்ணீர் மாற்றி மாற்றி ஏழு முறை அலசினாள். கண்ணாடி மாதிரி ஆனது. கரண்டியால் மசித்து, அமலாவின் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்துப் பத்து நிமிடம் பார்த்தாள். அரிக்கவில்லை என்றான பிறகுதான் கழுத்துக்கு வந்தாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள்.

முடித்துவிட்டு கேட் பக்கம் வந்தாள்.

"அடுத்த ஞாயிறு வேணாங்க. மறுபடி எப்போன்னு நானே சொல்றேன்."

"சரி."

"நீங்க உண்மையைச் சொன்னீங்க. அது வேற."

"சரி" என்றேன் மறுபடியும்.

அமலா உள்ளேயிருந்து, "அப்பா நெக்கும் அப்படித்தான் இருக்கும்மா. பாருங்க" என்றாள்.

நான் கை வைத்துப் பார்த்தேன். எரிந்தது. காலையிலிருந்து அது எனக்குத் தெரியவே இல்லை. ஸ்டெல்லா கேட்டைப் பூட்டினாள். மீதிக் கற்றாழை இருந்த கிண்ணத்தை எடுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோகப் போகிறாள் என்று நினைத்தேன். அதைக் கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

"திரும்பி உக்காருங்கப்பா" என்றாள் அமலா.

நடைபாதைத் தரையில், கிரில்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் காய்கறிப் பையோடு வந்தவர், காலை அகட்டி வைத்து என்னைத் தாண்டிப் போனார். கம்பிகளுக்கு நடுவே அவள் கை வந்தது. விரல் சில்லென்று இருந்தது.

"ஆடாதீங்க."

"ஆடலை."

"கொஞ்சம் பின்னாடி வாங்க. எட்டலை."

தலையைக் கம்பியில் சாய்த்தேன். அவள் அம்மா செய்தது போலவே தேய்க்காமல் ஒற்றினாள். காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், காலர் மறைக்கிற இடத்தில். கிண்ணம் காலியாகும்வரை பூசினாள்.

ஸ்டெல்லாவின் அழைப்பு வர ஐந்து மாதம் ஆனது. அது எனக்கு அன்று தெரியாது. ரயிலில் திரும்பி வரும்போது, பூசியது காய்ந்து தோலை மெல்ல இழுத்தது. குளிக்கும்போது தலையை முன்னால் சாய்த்து, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன். மறுநாளும் அப்படித்தான் குளித்தேன். புதன்கிழமை வேலையிடத்தில் வியர்த்து, அது தானாகவே போய்விட்டது.